4கே என்று எழுதியிருந்தால் போதுமா? ப்ளூ-ரே பிளேயர் வாங்குவோர் கவனத்துக்கு

‘4கே அப்ஸ்கேலிங்’ என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ப்ளூ-ரே பிளேயர்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அவை 4கே பிளேயர்கள் அல்ல. வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துத் தரும் தொழிலில் இருக்கும் எனக்கு அடிக்கடி வரும் அழைப்பு இது பற்றியதுதான். வெளிநாட்டிலிருந்து ஆசையாக வரவழைத்த 4கே டிஸ்க்கைப் புதிய பிளேயரில் போட்டிருப்பார்கள். ‘இந்த டிஸ்க்கை இயக்க முடியாது’ என்று திரையில் வந்திருக்கும். டிஸ்க்கில் பழுது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பழுது எதுவும் இல்லை. வாங்கிய கருவி வேறு வகை, அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

சாதாரண ப்ளூ-ரே 2006இல் வந்தது. ஒரு டிஸ்க்கில் 25 அல்லது 50 ஜிபி கொள்ளும். படத்தின் அளவு 1920 × 1080 புள்ளிகள். அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே 2016இல் வந்தது. அதில் 3840 × 2160 புள்ளிகள், மூன்று அடுக்கு டிஸ்க்கில் 100 ஜிபி வரை இடம், படத்தைச் சுருக்கி வைக்க எச்இவிசி என்ற புதிய முறை. பழைய வகைப் பிளேயரின் சிப்புக்கு இந்த முறை தெரியாது. எந்த மென்பொருள் அப்டேட்டும் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியாது. அப்ஸ்கேலிங் என்பது 1080 வரிப் படத்தைப் பெரிதாக்கி 4கே டிவிக்கு அனுப்பும் வேலை மட்டுமே. அந்த வேலையை உங்கள் டிவியே செய்துகொள்ளும். ஆகவே பெட்டியில் ‘4கே’ என்ற எழுத்தைத் தேடாதீர்கள். ‘அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே’ என்ற முத்திரையைத் தேடுங்கள். அது இல்லையென்றால், கடைக்காரர் என்ன உறுதி கொடுத்தாலும் அது சாதாரண ப்ளூ-ரே பிளேயர்தான்.

கைப்பேசியிலேயே ஓடிடி இருக்கும்போது டிஸ்க் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஓடிடியில் வரும் 4கே படத்துக்கு வினாடிக்குப் பதினைந்து, இருபது மெகாபிட் அளவில்தான் தகவல் வருகிறது. 100 ஜிபி அல்ட்ரா எச்டி டிஸ்க் வினாடிக்கு நூறு மெகாபிட்டுக்கும் மேல் தரக்கூடியது. நல்ல வெளிச்சத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. புகை, மழை, பனிமூட்டம், இருட்டு அறையில் ஒற்றை விளக்கு போன்ற இடங்களில்தான் ஓடிடிப் படம் பட்டை பட்டையாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். ஆனாலும் என் அனுபவத்தில் படத்தைவிட ஒலியில்தான் இடைவெளி அதிகம். ஓடிடியில் அட்மாஸ் (சுற்றிலும் தலைக்கு மேலிருந்தும் கேட்கும்படி அமைத்த டால்பி ஒலி) என்று போட்டிருந்தாலும் வருவது சுருக்கி இழப்புக்குள்ளான ஒலி. டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் இழப்பில்லாதவை. நல்ல ஸ்பீக்கர்கள் உள்ள அறையில் பின்னணி இசையின் ஆழத்திலும் மெல்லிய ஓசைகளிலும் அது உடனே தெரிந்துவிடும்.

அப்படியென்றால் எல்லோரும் வாங்க வேண்டுமா? வேண்டாம். பத்து அடி தூரத்தில் உட்கார்ந்து 43 அங்குல டிவி பார்ப்பவருக்கு 1080 வரிப் படத்தின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் சாதாரணக் கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். 65 அங்குலத் திரையிலும் இதே நிலைதான், அருகில் நகர்ந்து உட்கார்ந்தால் ஒழிய. 100 அங்குல ப்ரொஜெக்டர் திரையில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அங்கேதான் 4கே கூர்மைக்குப் பொருள் வருகிறது. எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விரித்துக் காட்டும் முறை, தரும் ஒளியும் நிறமும் வேறு கணக்கு. அவை எந்தத் தூரத்திலும் தெரியும், ஆனால் டிவி அவற்றைக் காட்டும் திறன் பெற்றதாக இருக்க வேண்டும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் ஒலி கேட்கும் வீட்டுக்கு நான் பிளேயரைப் பரிந்துரைப்பதே இல்லை. அந்தப் பணத்தை முதலில் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பிளேயர்களின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டு டிவியின் பெயரையும் ஏவி ரிசீவரின் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) மாடல் எண்ணையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பிளேயர் எது என்பதைத் தீர்மானிப்பவை அவை இரண்டும்தான்.

முதலில் திரை. எல்லா அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளிலும் பிளேயர்களிலும் பொதுவான எச்டிஆர் முறை எச்டிஆர்10. அதற்கு மேல், காட்சிக்குக் காட்சி ஒளியைச் சரிசெய்யும் டால்பி விஷன், எச்டிஆர்10+ என்ற இரண்டும் விருப்பத் தேர்வுகள். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது. எல்ஜி டிவிகளில் எச்டிஆர்10+ கிடையாது. பானாசோனிக் யுபி420 பிளேயரில் எச்டிஆர்10+ உண்டு, டால்பி விஷன் இல்லை. அதே நிறுவனத்தின் யுபி820இல் இரண்டும் உண்டு. சோனி எக்ஸ்700இல் டால்பி விஷன் உண்டு. ஆனால் அதைப் பயனர்தான் அமைப்புகளுக்குள் சென்று போட வேண்டும். டால்பி விஷன் இல்லாத டிஸ்க் பார்க்கும்போது மறக்காமல் அணைக்கவும் வேண்டும். விலைக்கு ஏற்ற நல்ல கருவிதான். ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் தனியாகப் படம் போட்டுப் பார்ப்பார்கள் என்றால் இந்தத் தொல்லையை நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாம்சங் டிவி வைத்திருப்பவர் டால்பி விஷனுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது முழு விரயம்.

ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டால்பி விஷன் வசதியுள்ள ப்ரொஜெக்டர்கள் மிகக் குறைவு. டிஸ்க்குகள் 1000 நிட், சில 4000 நிட் ஒளிர்வை அளவாகக் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. வீட்டு ப்ரொஜெக்டர் திரையில் பெரும்பாலும் நூறு நிட் கிடைத்தாலே அதிகம். இந்த இடைவெளியைச் சரிக்கட்டாவிட்டால் படம் முழுக்க இருண்டு கிடக்கும். ‘எச்டிஆர் போட்டால் படம் மோசமாகிறது’ என்று பலர் குறைப்படுவதன் காரணம் இதுதான். பானாசோனிக் பிளேயர்களில் ‘எச்டிஆர் ஆப்டிமைசர்’ என்ற வசதி இருக்கிறது. திரையின் வகையைத் தேர்ந்தெடுத்தால், பிளேயரே ஒளியின் உச்சங்களை அந்தத் திரைக்கு ஏற்பக் குறைத்து அனுப்பும். ப்ரொஜெக்டர் அறைக்கு என்னைக் கேட்டால் டால்பி விஷனைப் பற்றிக் கவலைப்படாமல் இந்த வசதி உள்ள பிளேயரைத்தான் எடுக்கச் சொல்வேன். கூடவே பத்து, பதினைந்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஓட வேண்டியிருந்தால், செம்புக் கேபிளைவிட ஒளியிழைக் கேபிள் நம்பகமானது. அதைச் சுவருக்குள் நேரடியாகப் பூசி மூடாமல் குழாய் வழியாக விடுங்கள். ஒரு நாள் மாற்ற வேண்டி வரும்.

அடுத்து ஒலி வழி. பணம் செலவழித்தும் பயன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரிசீவர் நன்றாகவே பாடிக்கொண்டிருக்கும். ஆனால் அதில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இல்லையென்றால் 4கே படம் அதன் வழியே போகாது. அதற்காக ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டாம். சோனி எக்ஸ்700, பானாசோனிக் யுபி820 போன்ற சில பிளேயர்களில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகள் இருக்கின்றன. ஒன்றை நேராக டிவிக்கும், ஒலிக்கு மட்டுமான மற்றதை ரிசீவருக்கும் இணைத்தால் பழைய ரிசீவரிலேயே இழப்பில்லாத ஒலி கிடைக்கும். ஒரு வெளியீடு மட்டும் உள்ள மலிவான மாடலை எடுத்துவிட்டு, பிறகு ரிசீவரையும் மாற்றுவதைவிட இது எவ்வளவோ சிக்கனம்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதில் இருப்பது ஏஆர்சியா ஈஏஆர்சியா என்று பாருங்கள். டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி ஏஆர்சி, அதன் மேம்பட்ட வடிவம் ஈஏஆர்சி. சாதாரண ஏஆர்சி வழியே ட்ரூஎச்டி போகாது. ஈஏஆர்சி வழியே போகும், டிவியிலும் அது இருந்தால். ஆப்டிகல் கேபிளோ இன்னும் பின்தங்கியது. டிஸ்க்கில் அட்மாஸ் இருந்தாலும் பழைய 5.1 டால்பி டிஜிட்டல்தான் அதன் வழியே வந்து சேரும்.

எல்லாம் சரியாக இணைத்த பிறகும் ரிசீவரில் ‘அட்மாஸ்’ என்று வராமல் வெறும் ‘டால்பி டிஜிட்டல்’ என்றே காட்டினால், பிளேயரின் ஒலி அமைப்புகளில் ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்ற ஒன்றைத் தேடி அணையுங்கள். இயக்குநரின் விளக்கவுரை, மெனு ஒலிகள் போன்றவற்றை முதன்மை ஒலியோடு கலப்பதற்கான வசதி அது. போட்டிருந்தால் இழப்பில்லாத ஒலியை அவிழ்த்துக் கலந்து சாதாரண ஒலியாகவே அனுப்பும். அதே இடத்தில் ஒலி வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வையுங்கள். டிவியிலும் ஒரு வேலை இருக்கிறது. பிளேயர் சொருகியிருக்கும் எச்டிஎம்ஐ துளைக்கு முழுத் தரச் சிக்னலை அனுமதிக்கும் அமைப்பைப் போட வேண்டும். ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’, ‘டீப் கலர்’, ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. பல டிவிகளில் இது அணைந்தே வருகிறது. ஆண்டுக்கணக்கில் எச்டிஆர் இல்லாமலே எச்டிஆர் டிஸ்க் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

பிள்ளைகளுக்காக வாங்கிய கேம் கன்சோல் வீட்டில் இருக்கிறதா? டிஸ்க் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளை இயக்கும். பிளேஸ்டேஷன் 4 புரோ இயக்காது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க்குக்கு டால்பி விஷன் கிடையாது, ஆடியோ சிடியும் ஓடாது. மாதத்துக்கு ஒரு படம் பார்ப்பவருக்கு அது தாராளம்.

இந்தியக் கடைகளில் தேர்வு சுருங்கிவிட்டதால் பலர் அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வழியாக வரவழைக்கிறார்கள். அதில் மூன்று கண்ணிகள். ஒன்று மின்சாரம்: அமெரிக்காவில் விற்கும் சில மாடல்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமானவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு முடிந்தது. பின்புறத் தகட்டில் 100–240 என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது மண்டலக் குறியீடு, அதாவது ஒரு டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று வரையறுக்கும் பூட்டு. அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு அது இல்லை, எங்கு வாங்கினாலும் ஓடும். ஆனால் சாதாரண ப்ளூ-ரேயில் இந்தியா சி மண்டலம், அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி. டிவிடியில் நாம் 5, அமெரிக்கா 1. மண்டலம் பூட்டிய நம்மூர் டிஸ்க் அமெரிக்கப் பிளேயரில் ஓடாது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: அமெரிக்க மாடல்களில் பல, பால் (PAL) முறை டிவிடிகளை, அதாவது நம் நாட்டு டிவி முறையில் பதிந்தவற்றை, ஏற்பதில்லை.

தமிழ் வீடுகளுக்கு இந்த மூன்றாவது கண்ணி முக்கியம். நம் அலமாரிகளில் இருக்கும் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி டிவிடிதான். அவற்றில் பால் முறையும் உண்டு, அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையும் உண்டு. ஓடிடியில் எங்கும் கிடைக்காத பழைய படம் ஒன்று அந்த அடுக்கில் இருக்கக்கூடும். புதிய பிளேயர் அவற்றை இயக்குமா, பால் டிவிடியின் 576 வரிப் படத்தைப் பெரிய திரைக்குச் சுத்தமாக விரித்துக் காட்டுமா என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 4கே டிஸ்க் பத்து வைத்திருப்பவரும் டிவிடி நூறு வைத்திருப்பார்.

இரண்டாம் கைச் சந்தையில் ஓப்போ பிளேயர்களுக்கு இன்றும் பெரிய விலை சொல்கிறார்கள். அருமையான கருவிகள், சந்தேகமில்லை. ஆனால் ஓப்போ 2018இலேயே இந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டது. லேசர் தேய்ந்துபோனால் உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது? சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல்களை நிறுத்தியது. எல்ஜியும் பிறகு விலகியது. மிச்சமிருப்பவை முக்கியமாக பானாசோனிக்கும் சோனியும். எனவே உத்தரவாத அட்டையும் சர்வீஸ் வசதியும் உள்ள சுமாரான புதிய மாடல், பெயர் பெற்ற பழைய மாடலைவிடப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பிளேயரை மூடிய அலமாரிக்குள் ரிசீவரின் தலைமேல் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் டிரைவ் நீண்ட நாள் தாங்காது. கடற்கரை ஊர்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறையாவது ஓட விடுங்கள். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் ஒரு விரல் ரேகைகூட 100 ஜிபி டிஸ்க்கை உறைய வைத்துவிடும். மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஒரு மூன்றடுக்கு 100 ஜிபி டிஸ்க்கை இரவல் வாங்கியாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். பலவீனமான டிரைவ் முதல் அரை மணி நேரத்தில் பிடிபடாது. அடுக்கு மாறும் இடத்தில்தான் தடுமாறும். படம் உறைந்தாலோ சதுரங்களாகச் சிதறினாலோ டிஸ்க்கைத் துடைத்து அதே இடத்தை மீண்டும் ஓட்டுங்கள். மறுபடியும் நின்றால் மென்பொருளை அப்டேட் செய்து இன்னொரு முறை. அப்போதும் நின்றால், கைப்பேசியில் அதை வீடியோ எடுத்துக்கொண்டு, பில்லோடு அன்றே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.