விளம்பரம்: சோற்றுக்கும் செய்திக்கும் ஒரே வினை

மதுரை நண்பன் ஒருவன் நாகர்கோவில் வடசேரியில் என் அத்தை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். இலையில் உப்பு, தொடுகறி எல்லாம் வைத்தாயிற்று. அத்தை சோற்றுப் பாத்திரத்தோடு வந்து, "மக்கா, சோறு விளம்பட்டா?" என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த விளம்புதல், புராணத்தில் முனிவர்கள் அரசர்களிடம் செய்வது. சோற்றை எப்படி விளம்புவது?

எங்களுக்கு அது அன்றாடச் சொல். குமரி மாவட்டத்தில் விளம்புவது என்றால் பரிமாறுவது. கல்யாண வீட்டில் "விளம்ப ஆள் பத்தாது, ரெண்டு பேரு வாங்கடே" என்று குரல் வரும். அவியலும் எரிசேரியும் விளம்பியபின் பருப்பும் நெய்யும் வரும். மலையாளத்திலும் இதே வினைதான், இதே பொருள்தான். மற்ற தமிழ்நாட்டில் இந்தப் பொருள் வழக்கொழிந்துபோய், 'சொல்' என்ற பொருள் மட்டும் செய்யுளில் தங்கிவிட்டது. செப்பு, இயம்பு, பகர், நவில், சாற்று, நுவல் என்று சொல்லுதலுக்குத் தமிழில் உள்ள நீண்ட வரிசையில் விளம்பும் ஒன்று. வெளிப்படையாக, பலர் அறியச் சொல்வது என்று அகராதிகள் பொருள் தருகின்றன. பரிமாறுதல் என்ற பொருளையும் பக்கத்திலேயே போட்டிருக்கின்றன.

இரண்டு பொருளையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் படம் ஒன்றுதான். கையில் இருப்பதை, வரிசையில் இருக்கும் எல்லோருக்கும் எட்டும்படி எடுத்து வைப்பது. பாத்திரத்தில் இருந்தால் சோறு, வாயில் இருந்தால் செய்தி.

இந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான் விளம்பரம். வடசொல்லோ என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். வடமொழியில் 'விலம்ப' என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்குப் பொருள் தாமதம். சங்கீதத்தில் விளம்ப காலம் என்று மெதுவான நடையைச் சொல்வதும், காலவிளம்பம் என்று பழைய கடிதங்களில் எழுதியதும், 2018 ஏப்ரலில் பிறந்த ஆண்டுக்கு விளம்பி என்று பெயர் வந்ததும் அந்தச் சொல்லால். ஒலி ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான். நான்மணிக்கடிகை பாடிய விளம்பிநாகனார் பெயரில் இருப்பது எந்த விளம்பு என்று கேட்டால், அது ஊர்ப்பெயர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு இங்கே வேண்டாம்.

இன்று விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருவது நகைக்கடையும் சோப்பும். பணம் கொடுத்து, பொருளை விற்க, நல்லதை மட்டும் சொல்வது. அச்சுக்கும் பத்திரிகைக்கும் பிறகு சொல் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் அரசில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடையே வேறு. அங்கே விளம்பரம் என்றால் அரசு தன் முடிவை மக்களுக்கு அறிவிக்கும் ஆணை. விற்பனைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

1809-இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுமாறு மக்களை அழைத்தது குண்டறை விளம்பரம். அவர் பிறந்தது கல்குளம் பகுதியில், தலக்குளத்தில். 1936 நவம்பர் 12-இல் கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம். இந்த இரண்டையும் பெருமையாகச் சொல்வார்கள். நடுவில் வந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். 1829-இல் வந்த விளம்பரம், உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடும் உரிமை நாடார் பெண்களுக்கு இல்லை என்றது. முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில் வந்த விளம்பரம் மேலாடை போடலாம் என்றது. அதிலும் உயர்சாதியார் அணியும் முறையில் கூடாது என்று ஒரு முள் வைத்தே கொடுத்தது. ஆக, எங்கள் தாத்தா பாட்டிகளுக்கு விளம்பரம் என்பது உடம்பில் பட்ட சொல். என்ன உடுக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதையே அது தீர்மானித்தது.

மலையாளம் இந்தப் பொருளை இன்னும் விடவில்லை. அங்கே வணிக விளம்பரத்துக்குப் பரஸ்யம் என்று தனிச்சொல் உண்டு. ரகசியத்துக்கு எதிர்ச்சொல் அது. விளம்பரம் பொதுப் பறைசாற்றலுக்கு, பரஸ்யம் விற்பனைக்கு. தமிழில் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டிப் பேருந்து போகும்போது பயணச்சீட்டில் எதுவும் மாறுவதில்லை, இந்தச் சொல்லுக்குப் பொருள் மட்டும் மாறிவிடுகிறது.

பொருள் இப்படிக் கலந்ததில் நட்டம் யாருக்கு என்று கேட்டால், உள்ளாட்சியைத்தான் காட்டுவேன்.

எங்கள் மாவட்டத்தில் உள்ளாட்சிகளுக்குக் குறைவில்லை. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. 52 வார்டுகள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, மார்ச்சில் முதல் மேயர் பதவியேற்றார். பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு என்று நான்கு நகராட்சிகள். ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பேரூராட்சிகள், அப்புறம் கிராம ஊராட்சிகள். தலைவர்களுக்குப் பெயரும் பல. ஏட்டில் நகர்மன்றத் தலைவர், பேரூராட்சித் தலைவர். வாயில் எல்லாமே சேர்மன், பிரசிடெண்டு. மேயர் என்பது லத்தீனில் 'பெரியவர்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப்பெரியவர் என்று நாம் சொல்வதற்கு அவ்வளவு தூரமில்லை.

இத்தனை பெரியவர்களும் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று விளம்புவது. நாளை எந்தத் தெருவில் தண்ணீர் வராது, நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, மன்றக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள், எந்த ஓடைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள். சொத்துவரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதைக்கூட எத்தனை வீட்டுக்காரர்கள் அறிவார்கள்? ஆனால் தலைவரின் பிறந்தநாள் எல்லோருக்கும் தெரியும். வேப்பமூடு பக்கம் ஒரு ஆள் உயரத்துக்குப் பதாகை கட்டினால் தெரியாமல் போகுமா? அது விளம்பரம்தான், சோப்பு விளம்பரத்தின் வகை.

எங்கள் தெருவில் குழாய் மாற்றும் வேலைக்காக மூன்று நாள் தண்ணீர் நின்றது. முன்னறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். எங்கே என்றால் அலுவலகத்தின் உள்வராந்தாவில், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகிறவர் மட்டும் பார்க்கிற இடத்தில். சமையலறையிலேயே சோற்றை வைத்துவிட்டு, 'பந்தி முடிந்தது' என்று சொன்னது போல இருந்தது.

ஊருக்குச் செய்தி சொல்லும் முறை நமக்குப் புதிதா என்ன? மணிமேகலையில் இந்திரவிழாவை அறிவிக்கும் காட்சியை ஒரு தடவை படித்துப் பாருங்கள். முரசறையும் தொல்குடியில் பிறந்தவன் வச்சிரக்கோட்டத்து முரசை யானைப் பிடரியில் ஏற்றி ஊரைச் சுற்றுகிறான். ஊர் வாழ்க, வானம் மும்மாரி பொழிக என்று வாழ்த்திவிட்டு, வேலைகளை வரிசையாகச் சொல்கிறான். வாழையும் கமுகும் கரும்பும் நடுங்கள், 'பழமணல் மாற்றுமின் புதுமணல் பரப்புமின்', வாதம் செய்பவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள், பிடிக்காதவர்களைக் கண்டாலும் சண்டை போடாமல் விலகிப் போங்கள். விழா 28 நாள் என்பதும் அதிலேயே வருகிறது. பொதுப்பணி, சுகாதாரம், சட்டம் ஒழுங்கு, தேதி எல்லாம் இருக்கிற அறிவிப்பு. அரசனை வாழ்த்துகிற இடமும் உண்டு, இல்லாமல் இருக்குமா? ஆனாலும் மணல் யார் மாற்ற வேண்டும் என்பது மறக்கவில்லை.

பறை என்பதும் அப்படித்தான். அது கருவியின் பெயர், கூடவே 'சொல்' என்று பொருள்படும் வினை. விளவங்கோடு பக்கம் "அவன் எங்கிட்ட பறஞ்சான்" என்பது இன்றும் காதில் விழும். பறைசாற்றுதல் என்ற சொல்லில் சொல்வது இரண்டு முறை இருக்கிறது.

பிறகு வந்தது தண்டோரா. இந்துஸ்தானிச் சொல், இந்திக்காரர்கள் டிண்டோரா என்பார்கள். ஊர்ச்செய்தியைத் தப்படித்துச் சொல்லும் அந்த வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடுவதை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார். போனது நல்லதுக்குத்தான். இன்று மைக் கட்டிய ஆட்டோ வருகிறது, வார்டு வாட்ஸப் குழுவும் வந்துவிட்டது. குழுவில் காலை வணக்கம் நாற்பது, தண்ணீர்ச் செய்தி ஒன்று. தேடிப் பிடிக்கணும்.

குமரியில் இன்னொரு பழைய முறையும் உயிரோடு இருக்கிறது. கிறிஸ்தவக் கோயில்களில் ஓலை வாசிப்பது. கல்யாணம் நிச்சயமானால் பெண், மாப்பிள்ளை பெயரைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் படிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்ல வேண்டும். ஒருமுறை கேட்காதவருக்காக இரண்டாம் முறை, இரண்டாம் வாரம் மீன்பிடிக்கப் போனவருக்காக மூன்றாம் முறை. பதிலுக்கு வாயும் திறந்து வைத்திருக்கிறது. வரி உயர்வு அறிவிப்பை இப்படி யாராவது வாசித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சட்டம் என்னவோ விளம்புவதைத்தான் சொல்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேட்பதற்கு முன்பே அலுவலகங்கள் தாமாகத் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. எப்படி என்றும் சொல்லியிருக்கிறது: அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஊடகம், இணையம், அதுவும் உள்ளூர் மொழியில். மனுப்போட்டுக் கேட்பது அதற்கு அடுத்த படி. "விளம்புறவன் அறியலைன்னா உண்ணுறவன் அறியணும்" என்ற மலையாளப் பழமொழியை மேற்குக் குமரியில் நம் வாய்க்கேற்பச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் இரண்டு பகுதியும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை என்று வைத்து, கவுன்சிலர் தலைமையில் மக்களைக் கூட்டும் ஏற்பாடு 2022-இல் வந்தது. கிராமசபை மாதிரி. முதல் பகுதி சபைகள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கூடின. குமரிக்கு அந்தத் தேதி ஏற்கெனவே சொந்தம். 1956 நவம்பர் 1-இல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எங்கள் அரசு மொழியில் விளம்பரம் போய் அறிவிக்கை வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, இப்போது எந்தச் சொல்லை எங்கே போடுவது? சட்டப்படி அரசிதழில் வருவது அறிவிக்கை. ஒரு நாள் தண்ணீர் வராது, முகாம் நடக்கிறது என்பதெல்லாம் அறிவிப்பு. அலுவலகத்துக்குள் சுற்றுவது சுற்றறிக்கை. அரசு முழங்கிச் சொல்லும் பெரிய கொள்கைக்குப் பிரகடனம் என்கிறார்கள். அது வடசொல், சாற்றுரை என்றால் போதும். நோட்டீசைத் துண்டறிக்கை என்று மாற்றலாம், ஆனால் கோட்டாற்றில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். விளம்பரத்தைக் கடைக்காரர்களிடமிருந்து பிடுங்க முடியாது. அது அவர்களிடமே இருக்கட்டும்.

ஆனால் தலைவர் ஒருவர் தன் ஊர்க்காரர்களுக்குச் செய்தியை விடாமல், வீடு தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்றால் அதற்கு அறிவிப்பு என்பது பற்றவில்லை. அறிவிப்பு ஒட்டியதோடு முடிந்துவிடும். இதற்கு விளம்பல் என்று சொல்லிப் பார்க்கிறேன். என் சொந்தச் சேர்க்கைதான், அகராதியில் இந்தப் பொருளில் தேட வேண்டாம். "மேயர் மாதம் ஒருமுறை மாமன்றத் தீர்மானங்களை விளம்புகிறார்", "எங்க கவுன்சிலர் நல்லா விளம்புவாரு" என்று எழுதிப் பார்த்தேன். அத்தையிடம் இரண்டாவது வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன்.

"எந்த கல்யாணத்துல?" என்று கேட்டார்.