ஏப்ரலில் மூன்று ஓட்டம், மேயில் பிளாஸ்டர்

ஊவா பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வழக்கமாக என்னிடம் வருகிறவர்கள் கொழுந்துக் கூடை சுமந்து தோள் இறுகிப்போன அம்மாமார், ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவர்கள், கழுத்து வலியோடு வரும் வாத்திமார். ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு இன்னொரு கூட்டம் வரும். பதினாறு, பதினேழு வயது. கதவைத் திறக்கும்போதே "ஒண்ணுமில்ல சேர், லேசா சுளுக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். பைக் ரேஸ் ஓடுகிற பிள்ளைகள்.

அவர்களில் ஒரு தம்பியைப் பற்றி எழுதுகிறேன். அவனிடமும் வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான். ஆளைக் கண்டுபிடிக்க உதவுகிற சங்கதிகளை மாற்றியிருக்கிறேன்.

பதினேழு வயது. அப்பாவுக்குச் சின்னதாக ஒரு கராஜ். ஏப்ரலில் அடுத்தடுத்து மூன்று வார இறுதி, மூன்று ஓட்டம். மூன்றாவதில் விழுந்து வலது கையை ஊன்றியிருக்கிறான். முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டார். அதற்கு முன்பே எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று, முறிவு இல்லை என்றார்கள். அப்பாவுக்கு நிம்மதி. ஒரு வாரம் கழித்தும் த்ரொட்டிலைத் திருக முடியவில்லை என்பதால் என்னிடம் கூட்டி வந்தார்.

கட்டை விரலை நன்றாக மேலே தூக்கிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியில் என் விரலை வைத்து மெதுவாகத்தான் அழுத்தினேன். தம்பி கதிரையை விட்டு எழுந்துவிட்டான். அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேபோயிட் என்ற சிறிய எலும்பு. அதில் விழும் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டிவைத்து, பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பக்கத் துண்டு பட்டினி கிடக்கும். கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே போகலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். உடனே எலும்பு வைத்தியரிடம் அனுப்பினேன். இரண்டாவது படத்தில் மயிர் கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தது. பிளாஸ்டர்.

இது கையோடு முடிகிற கதையாக எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உராய்ந்திருந்தது.

"இது எப்ப?"

"அது முதல் ரேஸ்ல சேர். அப்ப ஒண்ணும் ஆகல."

"டிசம்பர்ல இருந்து மாசத்தைப் பின்னாலிருந்து சொல்லு தம்பி."

"டிசம்பர், நவம்பர், ஒக்டோபர்... ஆகஸ்ட்..." நின்றான். அப்பாவைப் பார்த்தான். சிரித்தான். மறுபடி தொடங்கினான், மறுபடியும் செப்டெம்பரைக் காணவில்லை. தலையில் அடிபட்ட விளையாட்டுக்காரரிடம் வைத்தியர்கள் கேட்கும் சாதாரணக் கேள்விகளில் ஒன்று இது. இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் விசாரித்தால் மற்றதும் வந்தது: பின்னேரமானால் தலையிடி, வெயிலில் கண் கூசுகிறது, வகுப்பில் வாத்தியார் சொல்வது பிடிபடவில்லை. பரீட்சைப் பயம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். மூளை அதிர்வு ஆறாமலே அவன் இன்னும் இரண்டு ஓட்டம் ஓடியிருக்கிறான். ஒரு கணம் பிந்திப் பிடிக்கும் பிரேக், பிந்தி எடுக்கும் வளைவு. மூன்றாவது ஓட்டத்தில் விழுந்தது முதல் ஓட்டத்தில் தொடங்கியது என்பதுதான் என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. பிரித்தானியாவில் 2023இல் பாடசாலை, கழக மட்டத்துக்கு வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது: மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தால் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது. தலையில் அடிபடக்கூடிய பயிற்சிக்குப் போவதென்றாலும் அதற்கு முன் 14 நாள், சும்மா இருக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மூன்று வாரம். ஏப்ரலில் மூன்று ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவனுக்கு அந்த மூன்று வாரம் எங்கே இருக்கிறது?

அடுத்த தடவை வந்தபோது அப்பா ஒரு கடைக் கலண்டரையே சுருட்டிக் கொண்டுவந்தார். போயா நாட்களுக்கு மேலேயும் கீழேயும் சிவப்புப் பேனா வட்டம். பதினொரு வட்டம். "எதைப் போறது, எதை விடுறதுன்னு சொல்லுங்க சேர்." எனக்கு ரேஸ் தெரியாது, உடம்புதான் தெரியும் என்றேன். "அதை வச்சே சொல்லுங்க" என்றார். சரி, உட்கார்ந்தோம்.

தம்பி இடையில் போனை நீட்டினான். போலந்து ஸ்பீட்வே. "இவங்க வாரத்துல மூணு நாலு நாள் ஓடுறாங்களே சேர்?"

நல்ல கேள்வி. மலையகத்தில் ஸ்பீட்வே தடம் இல்லை, ஆனால் நம் பிள்ளைகள் போனில் பார்த்து ஆசைப்படுவது அதைத்தான். 500 சிசி பைக், ஒரே கியர், பிரேக் கிடையாது. நாலு பேர், நாலு சுற்று, இடதுபக்கமாகவே வளைவு. ஒரு ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நம் சுப்பர்குரோஸில் மேட்டில் ஏறிக் குதித்துக் குதித்து அதைப்போலப் பல மடங்கு நேரம் கையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. அங்கேயும் வயதுப் படி உண்டு: சிறுவர்களுக்கு 250 சிசி, அப்புறம் 21 வயதுக்குட்பட்டோர் போட்டி, அதற்கு மேல்தான் கிராண்ட் பிரி என்ற பெரியவர்களின் உலகப் போட்டி. தம்பிக்குப் பிடித்த போலந்து வீரர் பார்டோஸ் ஸ்மார்ஸ்லிக் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வாங்கியது 2015இல். பெரியவர்களுக்கான பட்டம் 2019இல். அதே 2015இல் டார்சி வார்ட் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் போலந்தில் ஒரு லீக் ஓட்டத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதையும் சொன்னேன். தம்பி போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

முதலில் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த வருடம் எந்த ஓட்டம் நன்றாக அமைந்தால் மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை? பையன் யோசித்தான். அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னார். "அண்ணே, அவன் சொல்லட்டும்" என்றேன். அவன் சொன்னது அப்பா சொன்னதில்லை.

அந்த வட்டத்திலிருந்து பென்சிலால் பின்னோக்கி வந்தோம். அதற்கு முன் மூன்று வாரம் வெறுமை. அந்த இடைவெளி இன்னும் விழாத விழுகைக்காக. விழாவிட்டால் பயிற்சிக்கு ஆகும். இந்த ஒரு கணக்கிலேயே பதினொன்றில் ஐந்து கழிந்துவிட்டது.

அடுத்து வெயில். இதை யாரும் நினைப்பதில்லை. எங்கள் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கிருந்து முதல்நாள் இரவு லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு அனுராதபுரம் சாலியபுர கஜபா சுப்பர்குரோஸுக்கோ, கட்டுக்குருந்தைத் தடத்துக்கோ இறங்கினால், உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழகவே பத்து நாளாவது வேண்டும். மார்புக் கவசம், முழங்கால் கவசம், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டு நின்றால் ஓட்டம் தொடங்குமுன்னே பாதித் தண்ணீர் போய்விடும். கை விறைத்து, முன்கை கல்லாகி, கிளட்ச் விரல் திறக்காது. ரேஸ் பிள்ளைகள் "கை பம்ப் ஆயிருச்சு" என்பது இதைத்தான். மேலே போகும்போது பைக்குக்கும் மூச்சு வாங்கும் என்று அப்பா சேர்த்துக்கொண்டார். ஆயிரம் மீட்டருக்குப் பத்து வீதம் போல எஞ்சின் வலு குறையும், கார்ப்பரேட்டர் ஜெட் மாற்ற வேண்டும். பைக்குக்கு ஜெட் மாற்றுகிறவர் மகனுக்கு ஒன்றும் மாற்றவில்லையே என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் கீழ்நாட்டு ஓட்டங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குப் பத்து நாள் முன்னதாகவே சித்தி வீட்டுக்குப் போய்த் தங்குவதாக ஏற்பாடு.

ரதெல்ல, மஹகஸ்தோட்ட போன்ற மலையேற்ற ஓட்டங்களைப் பிள்ளைகள் மட்டமாக நினைக்கிறார்கள். 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட நாட்டின் பழைய ஓட்டங்களில் ஒன்று. அங்கே ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடுவதுதான், பக்கத்தில் முட்டி மோத ஆள் கிடையாது. காயத்திலிருந்து திரும்பும் ஒருவனுக்கு முதல் ஓட்டமாக எனக்கு அது பிடிக்கும். ஆனால் தார் ரோடு. விழுந்தால் மண்ணைப் போல விட்டுக்கொடுக்காது.

கடைசியாகக் கஷ்டமான வட்டத்துக்கு வந்தோம். சொந்த ஊர் ஓட்டம். டயர் கடைக்காரர் ஒரு செட் டயர் தந்திருக்கிறார், ஊரில் ஓட வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். என் அனுபவத்தில் பிள்ளைகள் மோசமாக அடிபடுவது பெரிய ஓட்டங்களில் இல்லை, இப்படிப்பட்ட சின்ன ஓட்டங்களில்தான். மாமா, மச்சான், வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்களுக்கு முன் யாரும் பிரேக் பிடிக்க விரும்புவதில்லை. வைத்தியரும் இருக்கமாட்டார். "1990க்கு அடிச்சா வந்துருவாங்கல்ல" என்றார் அப்பா. வருவார்கள், நல்ல அம்பியுலன்ஸ் சேவை. ஆனால் மலைப் பாதையில் அம்பியுலன்ஸ் வளைந்து வளைந்து ஏறி வரும் நேரம் யார் கையிலும் இல்லை. தடத்தருகே அம்பியுலன்ஸ் நிற்காத ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பார்வையாளர் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் போய்ப் பாருங்கள். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று தடத்தை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையும் அதில். அந்த நாளுக்குப் பிறகு தம்பியின் அம்மா தங்கச்சியை எந்த ஓட்டத்துக்கும் அனுப்புவதில்லை. மகனை மட்டும் அனுப்புகிறீர்களே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

டயர் கடைக்காரரிடம் அப்பாவே பேசினார். ஊர் ஓட்டத்தன்று தம்பி பைக்கோடு வந்து நிற்பான், கடை ஸ்டிக்கரோடு படம் எடுத்துக்கொள்ளலாம், ஓடமாட்டான். அவர் முகம் கொஞ்சம் கோணியதாம். டயரைத் திருப்பிக் கேட்கவில்லை.

கலண்டரில் இப்போது நாலு வட்டம் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை மாதத்தில் ஒன்றும் இல்லை. முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பிளாஸ்டர் வெட்டியாயிற்று. எலும்பு வைத்தியர் சரி என்று சொல்லி, வலது கைப் பிடி இடது கைப் பிடியில் தொண்ணூறு வீதம் வந்தால் அழிப்பேன். போன வாரம் அறுபத்திரண்டு. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். செப்டெம்பரில் கொஞ்சம் மெதுவானான், ஆனால் விடவில்லை. ஜனவரி வரை வந்துவிட்டு, "திரும்பச் சொல்லவா சேர்?" என்றான்.