சிண்டிகேட் என்றால் ஆட்சிக்குழு

‘கட்டண உயர்வுக்கு சிண்டிகேட் ஒப்புதல்’, ‘சிண்டிகேட் கூட்டத்தில் காரசார விவாதம்’. இப்படித் தலைப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பல்கலைக்கழகத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு சிண்டிகேட் என்றால் என்னவென்று தெரியும். கட்டணம் கட்டப்போகிற மாணவருக்கும் அவரைப் படிக்கவைக்கிற பெற்றோருக்கும் அது ஒரு புரியாத பெயர். தங்களைப் பற்றி முடிவெடுக்கிற அவையின் பெயராவது அவர்களுக்கு விளங்க வேண்டும்.

பொதுவாக இந்தச் சொல் காதில் விழுவது வேறு இடங்களில்தான். வணிகர்கள் சேர்ந்துகொண்டு விலையை ஏற்றினால் சிண்டிகேட் போட்டுவிட்டார்கள் என்போம். அரசியலில், காமராசர், நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல் போன்ற காங்கிரஸ் மூத்த தலைவர்களின் அணிக்கு அந்தப் பெயர் இருந்தது; 1969 பிளவின்போது நாடெங்கும் அடிபட்டது. அதனால் சிண்டிகேட் என்றதும் கூடிப்பேசி ரகசியமாகக் காரியம் முடிப்பவர்கள் என்ற நிழல் விழுகிறது. ஆனால் வேர்ப்பொருள் நல்ல பொருள். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன். ‘திக்கே’ என்றால் நீதி. வழக்கில் ஒருவருக்குத் துணைநின்று பேசுபவர் ‘சிண்டிகோஸ்’. இலத்தீனில் அது ‘சிண்டிகஸ்’ ஆகி, ஒரு நகரத்துக்கோ சங்கத்துக்கோ சார்பாகப் பேசுபவரைக் குறித்தது. அப்படிப்பட்டவர்கள் சேர்ந்த குழுவுக்குப் பிரெஞ்சு வழியாக வந்த பெயர்தான் சிண்டிகேட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் தனிக் குழுக்கள் சிலவற்றை இன்றும் அப்படித்தான் அழைக்கிறது.

சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857இல் தொடங்கியபோது சட்டப்படி அதிகாரம் இருந்தது செனட் என்ற பெரிய அவையிடம். சிண்டிகேட் என்பது அன்றாட வேலைகளைப் பார்க்க விதிகள் மூலம் ஏற்படுத்திக்கொண்ட சிறு குழு. 1904இன் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம்தான் நிர்வாக அதிகாரத்தை சிண்டிகேட்டின் கையில் கொடுத்தது. 1923இன் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டமும் செனட், சிண்டிகேட் என்ற பெயர்களையே வைத்துக்கொண்டது. பிறகு தமிழ்நாட்டில் வந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் சிண்டிகேட் என்ற பெயரே போய்ச் சேர்ந்தது.

சரி, இந்தக் குழு என்ன செய்கிறது? துணைவேந்தர் தலைமையில் கூடும். உயர்கல்வித் துறைச் செயலாளர் போன்றோர் பதவிவழி உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் நியமிக்கப்பட்டவர்களும் உண்டு. பணியிடங்கள், நியமனம், ஒழுங்கு நடவடிக்கை, சொத்து, வரவு செலவு எல்லாம் இங்கேதான் முடிவாகும். ஒரு துறை புதிய படிப்பு தொடங்க நினைத்தால், பாடத்திட்டம் பாடத்திட்டக் குழுவுக்கும் கல்விப் பேரவைக்கும் போகும். செலவுக் கணக்கு நிதிக்குழுவுக்குப் போகும். கடைசியில் கோப்பு சிண்டிகேட்டின் பொருள்நிரலில் ஓர் எண்ணாக ஏறும். அந்த எண்ணுக்குக் கீழே ‘ஏற்றுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரு வரி விழுந்த பிறகுதான் பதிவாளர் ஆணை வெளியிடுவார். முக்கியமான ஒன்று: உறுப்பினர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் தனியாக எதையும் ஆணையிட முடியாது. குறைவெண் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருக்க, கூட்டம் கூடி, தீர்மானம் ஆனால்தான் அது சிண்டிகேட்டின் முடிவு.

அவசரம் என்றால் என்ன செய்வார்கள்? கூட்டத்துக்குக் காத்திராமல் துணைவேந்தர் முடிவெடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதை வைப்பார். அப்படி வரும் ஆணைகளில் ‘ஆட்சிக்குழுவின் ஒப்புதலை எதிர்நோக்கி’ என்று எழுதியிருக்கும். பல்கலைக்கழக ஆணை ஒன்றைப் படிக்கிறவர்கள் இந்தத் தொடரைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முடிவை இன்னும் குழு பார்க்கவில்லை, துணைவேந்தர் பொறுப்பில் நடந்திருக்கிறது என்று அது சொல்கிறது.

தமிழில் இதற்கு ஆட்சிக்குழு, ஆட்சிமன்றக் குழு என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. எனக்கு ஆட்சிக்குழுதான் சரியாகப் படுகிறது. ‘ஆட்சிமன்றக் குழு’ என்றால், ஆட்சிமன்றம் என்று தனியாக ஒன்று இருந்து, இது அதன் உட்குழுவோ என்று தோன்றும். அப்புறம், தேர்தலில் வேட்பாளர்களை முடிவுசெய்யும் கட்சிக் குழுவுக்கும் அதே பெயர் இருக்கிறது. ஆட்சிக்குழுவில் அந்தக் குழப்பம் இல்லை. ஆள் என்ற வினையிலிருந்து வந்தது ஆட்சி, காண் என்பதிலிருந்து காட்சி வந்ததுபோல. குழுவோ மிகப் பழைய சொல். ‘ஐம்பெருங்குழு, எண்பேராயம்’ என்று சிலப்பதிகாரத்திலேயே அரசனுக்குத் துணையான அமைப்புகளின் பெயரில் இருக்கிறது. ‘ஒருவருக்காகப் பேசுபவர்’ என்ற கிரேக்க வேர் இதில் வரவில்லைதான். சிண்டிகேட்டிலும் அந்தப் பொருள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. குழு இன்று செய்யும் வேலையைச் சொல்கிற பெயர் போதும்.

செனட்டை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரிய அவை. ஆண்டறிக்கையும் கணக்கும் அங்கே வைக்கப்படும். தமிழ்நாட்டில் அதை ஆட்சிப்பேரவை, சுருக்கமாகப் பேரவை என்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் செய்தியில் ‘பேரவை கூடியது’ என்று படித்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்கே பேரவை என்பது கவுன்சில், அதாவது நிர்வாகம் செய்யும் அவை. நம் ஆட்சிக்குழுவின் இடத்தில் இருப்பது. கல்வி விவகாரங்களைப் பார்க்கும் செனட்டுக்கு ஈழத் தமிழர் வைத்த பெயர் மூதவை. செனட் என்ற சொல்லே இலத்தீனில் முதியவரைக் குறிக்கும் ‘செனெக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. வேரையும் பிடித்து, மூன்றே எழுத்தில், எவ்வளவு அழகான சொல்! நாமும் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

எழுதும்போது சேர்த்து ‘ஆட்சிக்குழு’ என்று எழுதலாம். அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: ஆட்சிக்குழுக் கூட்டம், ஆட்சிக்குழுத் தீர்மானம். உயிர் வந்தால் அப்படியே: ஆட்சிக்குழு உறுப்பினர்.