கோப்பைத் திறப்பதற்குள் முடிந்துவிடும் நேர்காணல்

அமெரிக்காவில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்த மாணவர்களை எஃப்-1 எனப்படும் மாணவர் விசா நேர்காணலுக்குத் தயார்ப்படுத்துவது பல ஆண்டுகளாக என் வேலை. சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், சொத்து மதிப்பீடு என எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிய தடித்த கோப்புடன்தான் பெரும்பாலோர் என்னிடம் வருகிறார்கள். நேர்காணல் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடலாம், கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தூதரக அலுவலர் அந்தக் கோப்பைக் கேட்காமலே முடிவெடுக்கலாம் என்று சொன்னதும் அவர்கள் முகம் வாடிவிடும்.

அமெரிக்கக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட எண்ணுபவர் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. அப்படியல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு மாணவருடையது. இந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. புதிதாக விண்ணப்பித்து, 185 டாலர் கட்டணத்தை மீண்டும் கட்டி, மறுபடி வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான்.

நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே உங்களைப் பற்றிப் பேசிவிடுவது டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம். அதை வேறு யாரிடமாவது கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டு, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் போகிறவர்களை எண்ணி மாளாது. தந்தையின் தொழில் ‘வியாபாரம்’ என்று படிவம் சொல்ல, மகன் ‘விவசாயம்’ என்று பதில் சொன்னால், இரண்டும் உண்மையாகவே இருந்தாலும் அதை விளக்க நேரம் இருக்காது. கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் அதில் குறிப்பிட வேண்டும். அவற்றை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூன் மாதம் மாணவர் விசா விண்ணப்பதாரர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

மாதிரி நேர்காணல் ஒன்றில், “ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?” என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். உலகத் தரவரிசை, தலைசிறந்த பேராசிரியர்கள், நவீன ஆய்வுக்கூடங்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி அதே பதிலை அவருக்குத் திருப்பிச் சொன்னேன். ஓர் எழுத்துகூட இடிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரிம்மா, அங்கே எந்தப் பாடத்துக்காகக் காத்திருக்கிறாய்?” என்றதும் சற்று யோசித்தார். இறுதியாண்டில் ஆற்று நீர்மட்டத்தைக் கணிக்கும் திட்டம் ஒன்றைச் செய்ததாகவும், உணர்கருவிகள் அடிக்கடி பழுதாகித் தரவில் ஓட்டை விழுந்ததால் கணிப்பே தடுமாறியதாகவும், விடுபட்ட தரவைக் கையாளும் புள்ளியியல் பாடம் அந்தத் துறையில் இருப்பதாகவும் சொன்னார். பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. அதுதான் பதில், அதை எழுதி வைத்து மனப்பாடம் செய்துவிடாதே என்றேன்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு மழுப்பல் கூடாது. இடம் கொடுத்த பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் முதலாண்டுச் செலவுதான் இருக்கும். இரண்டாம் ஆண்டுக்கு யார், எந்த வருமானத்திலிருந்து தருவார்கள் என்பதையும் தொகையோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கல்விக் கடன் வாங்கியிருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போலி வங்கிச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகரைக் கண்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். 214(பி) மறுப்பு அந்த விண்ணப்பத்தோடு முடிகிறது. பொய் ஆவணம் கொடுத்தது நிரூபணமானால் நிரந்தரத் தடையே வரக்கூடும்.

படிப்பு முடிந்த பின் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குத் தாய்நாட்டுச் சேவை பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவோர் உண்டு. எந்த நாட்டு அலுவலரும் அதை நம்பிக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. படிப்புக்குப் பின் 12 மாதங்கள், அறிவியல் தொழில்நுட்பத் துறையினருக்குக் கூடுதலாக 24 மாதங்கள் அங்கே பணிப்பயிற்சி பெறச் சட்டமே இடம் தருகிறது. அதை அறிந்திருப்பது குற்றமல்ல. ஆனால் பேச்சு முழுவதும் அதிலேயே சுற்றினால், படிப்பு வெறும் சாக்கு என்றாகிவிடும். எந்த மாதிரி நிறுவனத்தில், என்ன வேலைக்குத் திரும்புவதாக உண்மையாகவே எண்ணுகிறீர்களோ, அதைச் சொல்லுங்கள்.

கண்ணாடித் தடுப்பு வழியே ஒலிபெருக்கியில் வரும் கேள்வி சில சமயம் தெளிவாகக் காதில் விழாது. மறுபடி கேட்கச் சொல்வதில் தவறே இல்லை. செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டதற்கு, ஊகத்தில் தன் பேராசிரியரின் பெயரைச் சொல்லிவிட்டு வந்த மாணவர் ஒருவர், வெளியே வந்த பிறகும் எங்கே பிசகியது என்று தெரியாமல் என்னிடம் கேட்டார்.