ரீமிக்ஸ்: கலவையா, வார்ப்பா?

ஆங்கிலத்தில் 'ரீ' என்று தொடங்கினால் போதும், தமிழாக்குபவர்கள் முன்னால் ஒரு 'மறு'வை ஒட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள். அப்படி வந்ததுதான் ரீமிக்ஸுக்கு 'மறுகலவை'.

வேர் எளிது: இலத்தீனில் 'மிஸ்கேரே' என்றால் கலத்தல். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸ் என்பது ஒரு தனி வேலை. டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எனத் தனித்தனித் தடங்களில் பதிந்ததை எடுத்து, எது எவ்வளவு உரக்க, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று முடிவுசெய்து இரண்டு தடமாக இறக்க வேண்டும். அதே நாடாவை மறுபடி மேசையில் ஏற்றி வேறு விதமாக இறக்குவது ரீமிக்ஸின் பழைய பொருள். ஜமைக்காவின் டப் (ரெகே பாட்டில் குரலைக் குறைத்து, தாளத்தையும் எதிரொலியையும் தூக்கிக் காட்டும் முறை), நியூயார்க் டிஸ்கோவின் 12 அங்குல இசைத்தட்டு வரை 'மறுகலவை' ஒருவாறு தாங்கும்.

இரவெல்லாம் மின்னிசைக்கு ஆடும் ரேவ் கொண்டாட்டங்களின் காலத்தில் தாங்காது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ராக் குழுவான பிரைமல் ஸ்க்ரீமை எடுத்துக்கொள்ளுங்கள். 1987, 1989இல் வந்த இரண்டு கிட்டார் தொகுப்புகளும் பெரிதாக எடுபடவில்லை. இரண்டாவதில் இருந்த ஒரு மெதுவான காதல் சோகப் பாட்டை ஆண்ட்ரூ வெதரால் என்ற டிஜேயிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் மரியாதையாகத் தாளத்தை மட்டும் தடிமனாக்கிக் கொண்டுவந்தார். அது மறுகலவை. குழுவின் கிட்டார் கலைஞர் ஆண்ட்ரூ இன்ஸ் அதை ஏற்காமல், பாட்டையே உடைத்துப் போடச் சொன்னார். அடுத்து வந்ததுதான் 'லோடட்'. பாடகர் பாபி கில்லெஸ்பியின் சோக வரிகள் போய்விட்டன. பாட்டின் கடைசியில் ஒலித்த ஊதுகருவிகள் முன்னுக்கு வந்தன. அடியில் அமெரிக்கப் பாடகி எடி பிரிக்கெல் பாட்டு ஒன்றின் கள்ளப்பதிப்பிலிருந்து எடுத்த டிரம்ஸ் துண்டு சுழல்கிறது. தொடக்கத்தில் 1966ஆம் ஆண்டுப் படமொன்றில் நடிகர் பீட்டர் ஃபோண்டா பேசிய வசனம். 1990இல் பிரிட்டன் தரவரிசையில் 16ஆம் இடம். அடுத்த ஆண்டு 'ஸ்க்ரீமடெலிகா' தொகுப்பு, 1992இல் சிறந்த தொகுப்புக்கான முதல் மெர்குரி பரிசு.

இதைக் கலவை என்றால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? கலவை கொத்தனார் சட்டியில் இருப்பது: சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு. எத்தனை முறை புரட்டினாலும் அதே சிமெண்ட், அதே மணல். பழைய பாட்டையே கொஞ்சம் சத்தமாக வைத்தார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். இந்தக் குழுவின் திருப்புமுனையே அவர் கண்ணில் படாமல் போகும். 'கலப்பிசை' இன்னும் மோசம், அது ஃபியூஷனுக்கு வேண்டிய சொல்.

நமக்கு 'வார்ப்பு' இருக்கிறது. உடைந்த பித்தளை விளக்கை உருக்கி, வேறு உலோகமும் சேர்த்து, மணியாக வார்க்கிறோம். பித்தளை பழையது, மணி புதிது. ஆகவே 'மறுவார்ப்பு'. வினையாகவும் வளையும்: வெதரால் மறுவார்த்த பாட்டு, மறுவார்த்தவர், மறுவார்க்கக் கொடுத்தார்கள். 'மறுகலவை'யை வைத்து இப்படி ஒரு வினை கட்டிப் பாருங்கள்.

பழைய சொல்லை அடியோடு தள்ள வேண்டாம். இதே குழுவின் 1997ஆம் ஆண்டுத் தொகுப்பை இசைத் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட் டப் முறையில் 'எக்கோ டெக்' என்று மாற்றினார். அங்கே 'மறுகலவை' பொருந்தும். பழைய திரைப்பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிந்துவிட்டு 'ரீமிக்ஸ்' என்று போடுகிறார்களே, அதற்கு இரண்டும் பொருந்தாது. மூலத்தின் ஒலி ஒரு நொடிகூட அதில் இல்லை, அது மறுபதிவு.