தலையில் அடிபட்ட பின் கண்ணில் வடிவது கண்ணீர்தானா?

தலையில் அடிபட்டவருக்கு மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பலருக்கும் தெரியும். கண்ணில் வடிந்தால் மட்டும், 'அடிபட்ட கண், நீர் வடியத்தான் செய்யும்' என்று சொட்டு மருந்தோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். எப்போதாவது அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருந்துவிடும்.

கண்குழியின் கூரைக்கு மேல்தான் மூளையின் முன்பகுதி இருக்கிறது. கூரை எலும்பு மிக மெல்லியது. அது உடைந்து, மேலே மூளையை மூடியிருக்கும் டியூரா உறையும் கிழிந்தால், மூளை நீர் கண்குழிக்குள் இறங்கும். இமையில் காயம் இருந்தால் அதன் வழியே கசியும். இல்லாவிட்டால் உள்ளேயே தேங்கி மேல் இமையை வீங்க வைக்கும். ரத்தக்கட்டு என்றால் வீக்கம் நாளாக ஆக வற்ற வேண்டும். வற்றாமல் ஏறிக்கொண்டே போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விழி நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தால் இன்னும் கூடுதலாக.

சிறு பிள்ளைகளிடம் தனிக் கவனம் வேண்டும். நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை அவர்களுக்கு இன்னும் வளர்ந்திருக்காது. நெற்றியில் படும் அடி நேராகக் கூரைக்குப் போய்விடும். பென்சிலோ குச்சியோ இமையில் குத்தினாலும் அப்படித்தான். வெளியே சின்னக் கீறல், உள்ளே எலும்பில் ஓட்டை. ஸ்கேன் பார்க்காமல் அந்த இமையைத் தைத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

குனியும்போதும் இருமும்போதும் கசிவு கூடுகிறதா என்று பாருங்கள். துணியில் ரத்தத்தைச் சுற்றி ஈர வளையம் தெரிந்தால் மூளை நீர் என்பார்கள். ரத்தத்தோடு கண்ணீர் கலந்தாலும் அதே வளையம் வரும். மூளை நீரில் சர்க்கரை உண்டு என்று சர்க்கரை பார்க்கும் பட்டையை வைத்துப் பார்ப்பதும் ரத்தம் கலந்தால் ஏமாற்றும். மூளை நீரில் உள்ள பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைத் தேடும் பரிசோதனைதான் நம்பகமானது, அந்தப் புரதம் கண்ணீரில் இருக்காது. ஆனால் விழிக்கு உள்ளே இருக்கும் நீரில் உண்டு. அதனால் விழியே கிழிந்திருந்தால் இந்த முடிவை வைத்து அவசரப்படக் கூடாது. எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்பதை மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சிடி ஸ்கேன் காட்டிவிடும்.

பல கசிவுகள் தானாகவே அடைபடும். தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, மலம் கழிக்க முக்கக் கூடாது. கசிவு நிற்காவிட்டால் முதுகில் குழாய் வைத்து மூளை நீரை வடித்து, அழுத்தத்தைக் குறைப்போம். அதற்கும் அடங்காவிட்டால் நரம்பியல் அறுவை நிபுணர் கிழிசலை மூடுவார்.

மூளை உறையில் கிருமி தொற்றுவதுதான் பெரிய பயம். கசிவு நின்று, தையல் ஆறி, மாதங்கள் கழிந்த பிறகும் அது வரலாம். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி என்று வந்தால், பழைய விபத்தைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.