அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கணக்கு நோட்டில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழித்துத் தாளே கிழிந்திருந்தது. 52 − 27. "முதலில் என்னம்மா எழுதியிருந்தே?" என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தப்பான விடை நோட்டில் இருந்தால் வீட்டில் திட்டுவார்களாம்.

நல்லவேளை, கீழே இரண்டு கணக்குகளை அழிக்காமல் விட்டிருந்தாள். 81 − 46 = 45. 503 − 267 = 364. இரண்டும் தப்புதான், ஆனால் ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். 1-இல் 6 போகாது, அதனால் 6-இல் 1-ஐக் கழித்திருக்கிறாள். 3-இல் 7 போகாது, அதனால் 7-இல் 3. பெரிய எண்ணிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று சின்ன வகுப்பில் நாங்கள் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. கடன் வாங்குவதுதான் அவளுக்கு இன்னும் புரியவில்லை.

ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட பக்கங்களில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் படித்து எந்தப் பிள்ளைக்கும் கழித்தல் வந்ததில்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1978-இல் எழுதிய கட்டுரையைப் பிறகுதான் படித்தேன். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பல தவறுகளை அவர்கள் கணினி நிரலில் வரும் பிழையோடு ஒப்பிட்டார்கள். நிரலில் ஒரு படி மட்டும் தப்பாக இருக்கும், கணினி அதையும் ஒழுங்காகச் செய்யும். பிள்ளையும் அப்படித்தான். எந்தப் படி என்று தெரிந்தால் போதும், பத்து ஒன்றுகளைக் கட்டிய குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டி அதே வகுப்பில் சரிசெய்துவிடலாம்.

பின்னத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. ஒரு பையனிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். "இரண்டுக்கு ஒரு மார்க், மூன்றுக்கு ஒரு மார்க், மொத்தம் ஐந்துக்கு இரண்டு மார்க் சார்" என்றான். மார்க் கூட்டும்போது அது சரிதானே! அவன் யோசித்திருக்கிறான். "சரி, அரை தோசை சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டும் சாப்பிட்டால், மொத்தம் அரையைவிடக் குறையுமா?" என்றேன். 2/5 அரையைவிடக் குறைவு என்பதை அவனே கண்டுபிடித்தான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது சரியான விடைகள். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது? 35 பெரியது என்று 0.35-ஐச் சொல்லும் பிள்ளையை உடனே கண்டுபிடித்துவிடலாம். 0.4 என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அதில் சிலர், புள்ளிக்குப் பிறகு இலக்கம் அதிகமானால் எண் சின்னது என்று நினைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் 0.4, 0.65 கொடுத்தால் மறுபடியும் 0.4 தான் பெரியது என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் விடை சரியாக இருந்தாலும் "எப்படிப் போட்டே?" என்று கேட்கிறேன். தப்புக்கு மட்டும் அந்தக் கேள்வி வந்தால், கேட்ட உடனே பிள்ளையின் கை ரப்பருக்குப் போய்விடுகிறது.

பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். வீட்டில் நோட்டைப் பார்க்கும்போது, "எத்தனை தப்பு?" என்று எண்ண வேண்டாம். ஒரு கணக்கை எடுத்து, போட்ட விதத்தைச் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். பாதி நேரம் சொல்லிக்கொண்டே வரும்போது பிள்ளையே "ஐயோ, இங்கேதான்" என்று நிறுத்தும். தப்பானதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாகப் போடட்டும். பழையது தெரிந்தால்தான் எனக்கும் உதவி.

தேர்வில் தப்புக்கு மதிப்பெண் குறையும், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் தப்பு முழுவதும் அதற்கு முன்பே நோட்டில் வந்துவிட வேண்டும் என்கிறேன்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் இதைப் பேசினேன். அடுத்த வாரம் அவள் நோட்டில் 52 − 27 = 35 என்று எழுதி, மேலே ஒரு கோடு. பக்கத்தில் 25.